பெருவிரலடி மணிக்கட்டு நோகுது – சுளுக்கா, போனா?

வாவிக்கரை (கல்லடி):
தம்பிக்கு 19 வயசு. போன்ல சுடுற கேம், ஒரு நாளைக்கு நாலஞ்சு மணித்தியாலம். மூணு கிழமையா வலது பெருவிரலுக்குக் கீழ, மணிக்கட்டு ஓரத்தில எலும்பு தட்டுப்படுற இடத்தில நோவு. போத்தல் மூடி திறக்க ஏலா. விழவுமில்ல, அடிபடவுமில்ல. வீட்டில சுளுக்கு எண்டு எண்ணெய் போட்டு உருவுறாங்க, அண்டிரவே நோவு கூடுது. எக்ஸ்ரே எடுக்கணுமா?

பிசியோ_மட்டுநகர்:
விழாட்டி எக்ஸ்ரே அவசரமில்ல, இது அதில தெரியிறதும் இல்ல. பெருவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி, மத்த நாலு விரலாலயும் மூடி, மணிக்கட்டை மெதுவாச் சின்னவிரல் பக்கம் சரிக்கச் சொல்லுங்க. அந்த எலும்பு முனையில சுரீரெண்டு குத்தினா பெரும்பாலும் டி கெர்வான், அதாவது பெருவிரல் தசைநாணைச் சுத்தின உறை தடிக்கிற வருத்தம். மத்தக் கையிலயும் செய்து பாருங்க. சுகமான கையும் கொஞ்சம் இழுக்கும்.

பெருவிரலை விரிக்கிற ரெண்டு தசைநாண் அந்த எலும்புக்கு மேல ஒடுக்கமான ஒரு உறைக்குள்ளால போகுது. 200 கிராம் போனைச் சின்னவிரல்ல தாங்கிக்கொண்டு பெருவிரலை ஸ்கிரீன்ட மறு ஓரம் வரைக்கும் எட்ட விடக்குள்ள, நாண் உறையோட உரசி உறை தடிக்குது. தடிச்சா வழி இன்னும் ஒடுங்கும். உருவுறதும் வெளியால அதே உரசல்தான், உடன நிப்பாட்டுங்க. போனுக்கு முந்தின வருத்தம் இது: சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் 1895லயே எழுதி வச்சது. கைப்பிள்ளை தூக்கிற தாய்மாருக்கும் வரும்.

கல்முனை_காக்கா:
பார்மசில சும்மா மணிக்கட்டுப் பட்டி எண்டு கேட்டா, பெருவிரல் வெளிய நிக்கிற எலாஸ்ரிக் பட்டியைத்தான் தருவாங்க. காசு வீண். பெருவிரலையும் சேத்துப் பிடிக்கிற ஸ்பைக்கா ஸ்பிளின்ட் எண்டு கேளுங்க: நுனி மூட்டு மடங்கலாம், அடி மூட்டும் மணிக்கட்டும் அசையக் கூடா. நாலு தொடக்கம் ஆறு கிழமை. நம்மட வேர்வைக்கு உள்ளுக்குப் பருத்தித் துணி சுத்தாட்டி தோல் அவிஞ்சிரும்.

ஐஸ் பக்கட்டைப் பழைய சாரத் துணியில சுத்தி 10–15 நிமிஷம், நாளைக்கு மூணு தரம். டைக்ளோபெனாக் ஜெல் பூசலாம். டைக்ளோபெனாக் மாதிரி நோவு மாத்திரைய டொக்டரைக் கேளாமப் போடாதீங்க, முக்கியமா வயித்துப்புண், ஆஸ்துமா, கிட்னி வருத்தம் இருந்தா. மாரியில காய்ச்சல் தொட்டா அந்த மாத்திரை வேணவே வேணாம். டெங்குவா இருந்தா ரத்தக்கசிவைக் கூட்டும்.

வாவிக்கரை:
செய்து பாத்தம், கத்திட்டான். இடக்கையில ஒண்டுமில்ல. கேமை விடச் சொன்னாத்தான் கேக்கானில்ல.

பிசியோ_மட்டுநகர்:
முதல் ரெண்டு கிழமை கேம் முழுசா இல்ல, அதில பேரம் பேச ஏலா. மறுகா 20 நிமிஷம் விளையாடினா 10 நிமிஷம் கை சும்மா இருக்கணும். போனை ஸ்டாண்டில வச்சு ஆள்காட்டி விரலால ஆடப் பழகட்டும். எழுதுறதுக்குக் குரல் தட்டச்சு. கீபோர்ட்ல தமிழ் இருக்கு.

இரவில பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் விறைச்சா அது வேற, நரம்பு நெரியிறது. மடக்கி நிமித்தக்குள்ள பெருவிரல் கிளிக்கெண்டு சிக்கினாலும் வேற. சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரி. ஆறு கிழமையிலயும் குறையாட்டி எலும்பு கிளினிக்கில காட்டுங்க. உறைக்குள்ள ஸ்டீரொயிட் ஊசி போடுவாங்க, கனபேருக்கு அதோட சரி. போட்ட இடத்தில தோல் வெளுக்கலாம். சீனி வருத்தக்காரருக்குச் சில நாள் சீனி ஏறும், அதை முதலே சொல்லிடணும்.