புதுப்பிப்பு: அப்பாவின் இதயச் செயலிழப்பும் புளூடூத் தராசும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கும் அப்பாவின் இதயச் செயலிழப்பை (இதயம் நின்றுபோவதல்ல, சரியாகப் பம்ப் பண்ணாத நோய்) கொழும்பிலிருந்து எப்படிக் கவனிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. புளூடூத் தராசும் பிரஷர் மெஷினும் வாங்கிவிட்டோம். காலையில் சலம் போய்விட்டு வந்து, சாப்பிட முன்னம், சாரத்தோடு ஏறி நிற்பார். நிறை அம்மாவின் போன் வழியாக எனக்கு வந்துவிடும்.

ஏன் நிறை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இதயம் சரியாகப் பம்ப் பண்ணாவிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கும். கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்க முன்னமே பல நேரம் தராசு காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். போன கிழமை, ஒடியல் கூழும் உப்புக் கூடின கருவாட்டுப் பொரியலும் சாப்பிட்ட பிறகு, அப்படித்தான் ஏறியது. உடனே கூப்பிட்டோம். நீர் போகும் குளிசையைக் கூட்டினார்கள், இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்காமல் தப்பியதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஒருவர் கேட்ட கார்டியோமெம்ஸ், நுரையீரல் தமனிக்குள் (இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்) வைத்து அங்குள்ள அழுத்தத்தை அளக்கும், பற்றரி இல்லாத சென்சர். அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. அப்பாவுக்கு இப்போதைக்குத் தராசே போதும் என்கிறார் டொக்டர்.

அப்புறம், வாங்குகிறவர்கள் தராசைச் சீமெந்து நிலத்தில் வையுங்கள். பாய்க்கு மேல் வைத்தால் நிறை பிழையாகக் காட்டும்.