பாடத்தில் உணர்ச்சிப் படங்கள்: எங்கே போடலாம், எங்கே கூடாது

அறிவியல் ஆசிரியை:
மின்னல் பாடத்தின் முதல் ஸ்லைடிலேயே மின்னல் தாக்கிக் காயம்பட்டவரின் படத்தைப் போட்டால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆனால் பிள்ளைகளின் கவனம் "அவர் பிழைத்தாரா மிஸ்?" என்பதிலேயே நின்றுவிடும். 1998-இல் ஹார்ப், மேயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதே மின்னல் பாடத்தை வைத்துச் சோதித்தார்கள். மின்னல் உண்டாகும் காரணத்தோடு ஒட்டாத சுவையான துணுக்குகளையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு முக்கியக் கருத்துகள் குறைவாகவே நினைவில் நின்றன. துணுக்கு தொடக்கத்தில் வந்தால் பாதிப்பு கூடுதல், கடைசியில் வந்தால் குறைவு. அதனால் முதலில் மேகத்தின் படம் மட்டும் போதும்: பனித்துகள்கள் மோதுவது, எதிர் மின்னூட்டம் மேகத்தின் அடிப்பக்கம் சேர்வது. இடி மழையில் மரத்தடியில் ஏன் ஒதுங்கக் கூடாது என்ற கேள்வி வரும்போது காயம்பட்டவரின் படத்தைக் காட்டுங்கள். அங்கே பயம் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

புவியியல் ஆசிரியர்:
மேடம் சொல்வது புயல் பாடத்துக்கும் பொருந்தும். 1964 டிசம்பரில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம், ஒரே படம், திரை முழுக்க. ஐந்தாறு படங்களை வரிசையாக ஓடவிட்டால் மனம் மரத்துப்போகும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம், உங்கள் குரலோடு அது போட்டி போடும். படம் வந்ததும் பேசாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிறகு, "காற்று மட்டுமா இதைச் செய்தது?" அங்கிருந்து கடல் நீர் ஊருக்குள் ஏறுவதற்குப் போய்விடலாம். விளக்கத் தொடங்கும்போது விசைப்பலகையில் 'B' எழுத்தை அழுத்தினால் பவர்பாயிண்ட் திரை கறுத்துவிடும். கண்கள் உங்களிடம் திரும்பும். படம் திரையிலேயே கிடந்தால் விளக்கம் காதில் ஏறாது.

நாகை, கடலூர் கரையோர வகுப்புகளில் 2004 சுனாமிப் படங்களைப் போடும்போது கூடுதல் கவனம் தேவை. யார் வீட்டில் யார் போனார்கள் என்பது நமக்குத் தெரியாது. முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். உடல்கள் தெரியும் படம் எந்த வகுப்புக்கும் வேண்டாம்.

கணக்கு ஆசிரியை:
எங்கள் பாடத்தில் பயத்தைக் கூட்டத் தேவையே இல்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. பதற்றம் நினைவில் இடம் பிடித்துக்கொள்வதால் கையிலெடுத்த எண்ணே நழுவுகிறது. முழுத் தீர்வையும் ஒரே ஸ்லைடில் கொட்டினால் பின்வரிசை அப்போதே கைவிட்டுவிடும். அனிமேஷனில் ஒவ்வொரு வரியாக வரவிட்டு, அடுத்த வரி என்னவென்று கேளுங்கள். கேட்டபின் குறைந்தது மூன்று விநாடி காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே காட்டினார். காத்திருப்பு நீண்டபோது பதில்களும் நீண்டன, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள்.

ஒரு பிள்ளையின் விடைத்தாளைப் படமெடுத்துத் திரையில் காட்டாதீர்கள். பெயரை மறைத்தாலும் கையெழுத்தை வகுப்பே அடையாளம் கண்டுகொள்ளும். பிழையான வரியை மட்டும் உங்கள் கையால் பலகையில் எழுதி, எந்த இடத்தில் குறி மாறியது என்று கேளுங்கள்.