கொழும்புத் திராட்சை: ஒட்டுக்கட்டை பற்றி ஒரு உதவி

வணக்கம். வெள்ளவத்தையில் தரையில் வைத்த ஒட்டுத் திராட்சை, அடியில் வேர் தரும் ஒட்டுக்கட்டை 110 ரிக்டர் என்ற இனம். தென்மேல் பருவமழைக்குப் பிறகு இரண்டு கன்றில் ஒட்டுக்குச் சற்றுக் கீழே வீக்கம். முதலில் வெண்மையும் மென்மையும், இப்போது கபிலம், தக்கை போலக் கரடுமுரடு. அதனால் வெறும் ஒட்டுத் தழும்பு என்று தோன்றவில்லை, அக்ரோபக்றீரியம் என்ற பக்றீரியாவால் வரும் கழலை நோய் என்றே சந்தேகம்.

110 ரிக்டர் வேரை உறிஞ்சும் பிலோக்செராப் பூச்சியைத் தாங்கும், வரட்சியையும் தாங்கும். ஆனால் கழலைக்கு எளிதில் இடங்கொடுக்கும், ஈரம் தேங்கும் மண்ணும் அதற்கு ஆகாது. பூச்சியைத் தாங்குகிற கட்டை நோயையும் தாங்கும் என்பது பெரிய மயக்கம். ஃப்ரீடம் என்ற இன்னொரு கட்டை வேர்முடிச்சு நெமற்றோடுகளை (வேரைத் தாக்கும் நுண்புழுக்களை) நன்றாகத் தாங்கும், ஆனால் வைரசு உள்ள கிளையை ஒட்டினால் சோர்ந்துவிடும். இலையில் வரும் டவுனி மில்டியூ என்ற பூஞ்சண நோயைக் கட்டை தடுக்காது, அது மேலே ஒட்டிய இனத்தின் பாடு.

கழலையைச் சீவி எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பக்றீரியா கொடியின் சாற்றுக் குழாய்களிலேயே இருக்கும், நடுவதற்கு வெட்டிய தடியிலும் போகும். அதனால் இவற்றிலிருந்து தடி எடுக்கவில்லை, கத்தரிக்கோலையும் கன்றுக்குக் கன்று ஸ்பிரிட்டால் துடைக்கிறேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: ஈரவலயத்தில் 1103 போல்சன் அல்லது டொக்ரிட்ஜ் கட்டையில் யாராவது வளர்த்திருக்கிறீர்களா, அடித்தண்டில் கழலை வந்ததா? கழலையைப் பரிசோதிக்கத் துண்டை எங்கே, எப்படிக் கொடுப்பது? பிடுங்கிய குழியில் மறுபடி திராட்சை வைக்க எவ்வளவு காலம் விட்டீர்கள்? பழைய வேர்த்துண்டுகளில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால்தான் கேட்கிறேன். படம் கேட்டால் போடுகிறேன்.