ரோத்கோ கண்காட்சி: அந்த மங்கல் வெளிச்சம் தேவைதானா?

கரிக்கோடு:
போன வாரம் அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் ஓவியக் கண்காட்சிக்குப் போய் வந்தேன். மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். கூடம் முழுக்க மங்கல் வெளிச்சம். பெரிய பெரிய வண்ணச் செவ்வகங்கள் தரையை ஒட்டித் தொங்குகின்றன. மெல்லப் பேசினாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு அறையில் எதை மாட்டினாலும் கம்பீரமாகத்தான் தெரியும். நல்ல ஓவியம் பகல் வெளிச்சத்திலும் நிற்க வேண்டும்.

செங்காவி:
அது ரோத்கோவே கேட்டதுங்க. 1961இல் லண்டன் வைட்சேப்பல் கேலரியில் அவர் படங்களை வைத்தபோது கொடுத்த குறிப்பு இருக்கிறது. வெளிச்சம் அதிகம் கூடாது, சுவர் பளிச்சென்ற வெள்ளையாக இருக்கக் கூடாது, பெரிய படங்கள் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. காரணம் வேலையிலேயே இருக்கிறது. வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து, மெல்லிய பூச்சாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டவர் அவர். மேலே விளக்கைப் பாய்ச்சினால் மேல்பூச்சு மட்டும்தான் கண்ணில் படும், அடியில் இருப்பது அடங்கிவிடும்.

கரிக்கோடு:
அவரே கேட்டார் என்பதால் சரியாகிவிடுமா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு 1960களில் அவர் வரைந்து கொடுத்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். லித்தோல் ரெட் என்ற நிறமி வெயில் தாங்காமல் வெளுத்துப்போனது. 2014இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது, போன நிறத்தைப் புரொஜெக்டர் வெளிச்சமாகப் படத்தின் மேல் பாய்ச்சினார்கள். மாலை 4 மணிக்கு அதை அணைப்பார்கள். அணைத்ததும் வெளுத்த துணிதான். அதுவரை ஜனங்கள் பார்த்தது ரோத்கோவையா, விளக்கையா?

செங்காவி:
அந்தப் படங்களைக் கெடுத்ததே அளவுக்கு மீறிய வெளிச்சம்தானே! தூரிகையால் மேலே பூசியிருந்தால் அவர் கை வைத்த பரப்பு என்றைக்குமாக மறைந்துபோயிருக்கும். விளக்கை அணைத்தால் அவர் விட்டுப்போனது அப்படியே இருக்கிறது. இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

நூலிழை:
நான் பெயிண்ட் செய்கிறவள், நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அதே கண்காட்சியில் ஒரு கருஞ்சிவப்புப் படத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றேன். முதல் சில நிமிடங்கள் வெறும் கறுப்புதான். கண் பழகப் பழகக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு பழுப்பு மேலே வந்தது, அப்புறம் அதன் ஓரத்தில் ஊதா. செவ்வகத்தின் விளிம்பு கோடாக இல்லை, உலர்ந்த தூரிகையை இழுத்து இழுத்துக் கலைத்திருக்கிறார். கீழே ஒரு வண்ணச் சொட்டு மேல்நோக்கி ஓடியிருந்தது. கேன்வாஸைத் தலைகீழாக நிறுத்தியும் வேலை செய்திருக்கிறார் என்று அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இதெல்லாம் விளக்கு செய்த வேலை இல்லை.

ஆனால் கரிக்கோடு சொல்வதில் ஒரு பாதியை நான் விடமாட்டேன். இப்படி வண்ணத்தைக் கரைத்து வேலை செய்த ஓவியர்கள் எல்லோருக்கும் இருட்டறை ஒரு வழக்கமாகிவிடக் கூடாது. ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952இல் எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, அடிப்பூச்சு போடாத துணியில் நேரடியாக ஊற்றினார். வண்ணம் நூலுக்குள் ஊறி, ஓரத்தில் எண்ணெய்க் கறை படரும். அந்தக் கறையும் துணியின் நெசவும் தெரிய நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலில் வைத்தால் அவரைக் கொன்றுவிடுவோம்.

செங்காவி:
ஃபிராங்கென்தாலர் விஷயத்தில் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கரிக்கோடு, ஒன்று கேட்கலாமா? நீங்கள் ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள்?

கரிக்கோடு:
ஒரு நிமிடம் இருக்கும். பின்னால் கூட்டம் நெருக்கியது. அந்த மேல்நோக்கி ஓடிய சொட்டை நான் பார்க்கவே இல்லை. அதற்காகவே இன்னொரு முறை போகிறேன், காலையில் கதவு திறந்ததும். வெளிச்சத்தைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை.

நூலிழை:
இரண்டாவது அறை, இடது சுவரில் கடைசிப் படம். குனிந்து பாருங்கள்.