தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிவாரம் (கேள்வி):

வணக்கம். பத்து ஆண்டுகளைக் கடந்த 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். எக்ஸ்பான்ஷன் டேங்கில் (பானெட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி) மேல்கோடு வரை ஊற்றி வைக்கும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், சில மாதங்களாக, மாதக் கடைசிக்குள் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரவு முழுவதும் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தும் ஒரு கறைகூட விழவில்லை. ஏசி போட்டு ஓட்டி வந்து நிறுத்தினால் தண்ணீர் சொட்டுவது உண்டு. அதற்கு நிறமோ பிசுபிசுப்போ இல்லாததால் அது ஏசி தண்ணீர்தான் என்பதில் சந்தேகமில்லை. அண்மையில் ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது வெப்பநிலை முள் வழக்கமான இடத்தைத் தாண்டிப் போய், ஓரங்கட்டி நிறுத்திய பிறகே இறங்கியது. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார்கள், மற்றொன்றில் ரேடியேட்டரையே மாற்றிவிடச் சொல்கிறார்கள். இருவருமே பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி. பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று விவரமறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பட்டறை:

தரையில் சொட்டு இல்லை என்பதை வைத்துக் கசிவு எஞ்சினுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. வண்டி ஓடும்போது கூலன்ட் 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி அழுத்தத்திலும் இருப்பதால், மிகச் சிறிய துளை வழியாக வெளியேறுவது சூடான உலோகத்தின் மேல் பட்டதும் ஆவியாகிவிடும். தப்பியது எஞ்சினுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மறைப்பில் விழுந்து அங்கேயே காய்ந்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகு அழுத்தமும் இறங்கிவிடுகிறது, ஆகவே உங்கள் அட்டையில் விழுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இதனால்தான் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். கைப்பம்பும் கேஜும் சேர்ந்த பிரஷர் டெஸ்டர் ஓரளவு பெரிய பட்டறைகளில் இருக்கும். அதை ரேடியேட்டர் வாயிலோ டேங்கின் வாயிலோ பொருத்தி, மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு வரை மட்டும், அதாவது பெரும்பாலான கார்களில் 0.9 அல்லது 1.1 பார் வரை, அழுத்தத்தை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். முள் இறங்கினால் டார்ச் விளக்கோடு தேட வேண்டும். ரேடியேட்டரில் அலுமினிய மையப்பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் மடித்துச் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளாம்ப்கள், தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்ப் ஆகியவையே வழக்கமான இடங்கள். ஈரம் கண்ணில் படாவிட்டாலும், கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்தாற்போல் ஒரு பொருக்கு நிற்கும். ஈரத்தைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

மூடியையும் அதே கருவியில் பொருத்திச் சோதித்துவிடுங்கள். தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும், 1.1 பார் மூடி சரியாகப் பிடித்தால் அதுவே 125 டிகிரியைத் தாண்டும். குக்கர் வெயிட்டைப் போன்றதுதான் இந்த மூடியும்: அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் மலைப்பாதையில் கூலன்ட் கொதித்து வழியும், வேறெங்கும் கசிவே இருக்காது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பொருளைப் பார்க்காமலேயே ரேடியேட்டரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்க வேண்டாம்.

மலைப்பாதை:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தை அப்படியே விட்டுவிட முடியாது, ஏனென்றால் அது உண்மையானால் இப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது சிலிண்டர் ஹெட்டையே வளைத்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, கூலன்ட் சூடேறுவதற்கு முன்னால், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லைப் போல் இறுகுகிறதா, டேங்கில் குமிழிகள் நிற்காமல் வருகின்றனவா, புகைக்குழாயில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நெடுநேரம் தொடர்கிறதா என்று கவனியுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்ததுபோல் இருந்தால் அதுவும் ஓர் அறிகுறி. ஆனால் குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் காற்றின் ஈரப்பதத்தாலும் அப்படிப் படியும் என்பதால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. நீல நிறத் திரவம் நிரப்பிய குழாய் ஒன்றின் வழியாக ரேடியேட்டர் வாயில் தேங்கும் காற்றை உறிஞ்சினால், எரிந்த பெட்ரோலின் கார்பன் டை ஆக்சைடு அதில் கலந்திருக்கும் பட்சத்தில் திரவம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சொல்கிறவரிடம் முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, கூலன்ட் வெகுவாகக் குறைந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்பதால் முள் சரியாகக் காட்டாமல் போகலாம். முள் நடுவில் இருக்கிறதே என்று நிம்மதியாக ஓட்ட வேண்டாம்.

அடிவாரம்:

இருவருக்கும் நன்றி. ஹெட் கேஸ்கெட் அறிகுறி எதுவும் இல்லை, நீலத் திரவமும் நிறம் மாறவில்லை, மூடியும் சரியாகவே பிடிக்கிறது. ஆனால் 1.1 பார் ஏற்றிய அழுத்தம் கால் மணி நேரத்துக்குள் 0.8 வரை இறங்கியது. அடி மறைப்பைக் கழற்றியபோது அதன் உட்புறம் இளஞ்சிவப்புத் தடம் காய்ந்திருந்தது. அதைப் பின்தொடர்ந்து மேலே போனால், வாட்டர் பம்பின் புல்லிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு துளையில் சொட்டு திரண்டு நிற்கிறது. மெக்கானிக் அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்துவிட்டு, கசிவை நிறுத்தும் திரவம் ஒரு புட்டி ஊற்றினால் போதும் என்கிறார். செய்யலாமா?

பழைய பட்டறை:

இரண்டையும் செய்ய வேண்டாம். பம்பின் உள்ளே சீல் தேய்ந்து கூலன்ட் கசிந்தால், அது பேரிங்குக்குள் போய்விடாமல் வெளியேறுவதற்காகத் தயாரிப்பாளரே வைத்த துளை அது. அடைத்தால் பேரிங் கெட்டு, பம்ப் ஒருநாள் வழியில் இறுகி நின்றுவிடும். கசிவை நிறுத்தும் திரவமோ ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரிலும் படிந்து, இருக்கும் தொல்லையோடு புதிய தொல்லையையும் சேர்க்கும்.

பம்பை முழுதாக மாற்றுங்கள். உங்கள் வண்டியில் அது வெளிப் பெல்ட்டில் ஓடுவதால் வேலை எளிது. எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால் அந்தப் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருப்பேன். பழைய கேஸ்கெட் துணுக்குகளை அலுமினியப் பரப்பில் கீறல் விழாமல் சுரண்டி எடுக்க வேண்டும், போல்ட்டுகளைக் குறிப்பிட்ட டார்க் (முறுக்கு விசை) அளவில் முடுக்க வேண்டும். எந்தக் கூலன்ட் என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் வண்டியின் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். கலக்கத் தேவையான வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரையே சேர்க்க வேண்டும், போர் தண்ணீரின் உப்பு உள்ளே பாறையாகப் படிந்துவிடும்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையில் ஊற்றவோ திறந்த வாளியில் விட்டுவைக்கவோ கூடாது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதால், நக்கிக் குடிக்கும் நாயும் பூனையும் செத்துப்போகும்.

மலைப்பாதை:

நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். நம் ஊர்களில் ஹீட்டரைத் தொடுவதே இல்லை, அதனால் சில வண்டிகளில் அந்தப் பாதை மூடியபடியே இருந்து உள்ளே காற்று சிக்கிக்கொள்கிறது. காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்போது இறுக்குங்கள். பிறகு ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓட விட்டு, மறுநாள் காலை ஆறிய நிலையில் டேங்கைப் பாருங்கள். முதல் நாள் சற்றுக் குறைவது இயல்பு. அடுத்த வாரமும் குறைந்தால் டெஸ்டரை மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள்.