2 இரவு தங்கல்: மையத்தில் சின்ன அறையா, தள்ளி நல்ல அறையா?

கேள்வி:
அம்மாவும் நானும் 2 இரவு தங்கப் போகிறோம். வெள்ளி இரவு 11 மணிக்கு விமானம் இறங்கும். ஞாயிறு இரவு 8 மணிக்குத் திரும்ப ரயில். பார்த்து வைத்தவை:
அ) "மையத்திலிருந்து 900 மீ" என்று போட்டிருக்கும் ஹோட்டல், 4-வது மாடி.
ஆ) 9 கி.மீ. தள்ளி, பெரிய அறை, அ-வின் வாடகையில் பாதி. மெட்ரோவுக்கு 6 நிமிட நடை.
இ) ரயில் நிலையத்தை ஒட்டிய ஹாஸ்டலில் தனி அறை, பொதுக் குளியலறை. அ-வில் முக்கால்வாசி வாடகை.
அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆ-வையே போடலாமா, எங்காவது இடிக்குமா?

பதில் 1:
இடிக்கும். ஆ-வில் உங்களுக்கு மிச்சமாவது அ-வின் ஒரு இரவு வாடகை. அதிலிருந்து கழித்துக்கொண்டே வாங்க. 11 மணிக்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர 12 ஆயிடும். பல ஊர்ல மெட்ரோ அந்த நேரத்தோட நின்னுடும். கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தை வெள்ளி இரவு 12:15-னு வெச்சுப் பாருங்க. வண்டி காட்டலைன்னா டாக்ஸிதான்.
சனிக்கிழமை போக வர 4 டிக்கெட். மதியம் அம்மா கொஞ்சம் படுக்கணும்னா 8. ஞாயிறுதான் பெரிய சிக்கல்: காலையிலேயே அறையைக் காலி பண்ணணும், ரயில் 8 மணிக்கு. பெட்டியை அங்கேயே விட்டா ஊருக்குள்ள போய், திரும்பி வந்து எடுத்து, மறுபடி போகணும். இன்னும் 6 டிக்கெட், கூடவே ஒண்ணரை மணி நேரம் காலி. குறுகிய பயணத்துல கடைசி நாள் பெட்டி எங்க கிடக்குதுங்கறதை வெச்சு அறையை முடிவு பண்ணுங்க.

பதில் 2:
அந்த 900 மீட்டரையும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது நேர்க்கோட்டுத் தூரம். "மையம்" என்பதும் அந்த முன்பதிவு இணையதளம் குறித்து வைத்த ஒரு புள்ளிதான். நடுவில் ஆறோ தண்டவாளமோ இருந்தால் 900 மீ. நடை 2 கி.மீ. கூட ஆகலாம். நீங்கள் போகப்போகும் இடங்களை வரைபடத்தில் குறித்து, அவை எங்கே குவிகின்றன என்று பாருங்கள். உங்கள் மையம் அதுதான். அங்கிருந்து நடைவழியைப் போட்டு ஏற்ற இறக்கத்தையும் கவனியுங்கள்.
தரைத்தளத்தை 0 என்று எண்ணும் ஊராக இருந்தால் 4-வது மாடி உண்மையில் ஐந்தாவது தளம். "லிஃப்ட் உண்டு" என்றாலும் அதற்கு முன் அரை மாடிப் படி இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
அ-வில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் ரிசப்ஷன் இரவு 10-க்கு மூடிவிடுவார்களாம். இ-யில் சத்தம் என்று நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள்.

பதில் 3:
ரிசப்ஷன் மூடுற இடமா? கதவைத் திறக்கற ரகசிய எண் எப்போ, எப்படி வரும்னு முன்னாடியே கேளுங்க. எங்க தங்கினாலும் விமான எண்ணோட "வர 12:30 ஆகும்"னு செய்தி போட்டு வைங்க. இல்லைன்னா வராதவங்க கணக்குல சேர்த்து அறையை வேற யாருக்காவது கொடுத்துடலாம்.
இ-யோட விமர்சனங்களைப் புதுசு முதல்ல வர்ற மாதிரி அடுக்கி, கடைசி 6 மாசத்தை மட்டும் படிங்க. சத்தம் தெருவிலிருந்தா, உள்ளே நடைபாதையிலிருந்தா? தெரு சத்தம்னா உள்முற்றம் பக்கம் அறை கேட்டா தீரும். உள் சத்தம்னா காதடைப்பான்தான் கதி.
விலையை, பணம் கட்டற கடைசிப் பக்கத்துல ஒப்பிடுங்க. சுத்தம் செய்யற கட்டணம் அங்கதான் முளைக்கும். சில ஊர்ல நகர வரி தலைக்கு, இரவுக்கு இவ்வளவுன்னு நேர்ல வாங்குவாங்க. ரத்து கெடு பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊர் நேரப்படிதான்.

பதில் 4:
முழங்கால் வலிக்கு மாடியை விடக் குளியலறை முக்கியம். ஷவர் தொட்டிக்குள் இருந்தால் அந்த விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைக்க வேண்டும். தரையோடு தரையான ஷவரா, பிடிமானக் கம்பி உண்டா, எத்தனை அறைக்கு ஒரு குளியலறை, அதே தளத்திலா என்று கேட்டு, படமும் வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
இ-க்கு எழுதிக் கேட்டேன். 24 மணி நேர ரிசப்ஷன், 3 அறைக்கு ஒரு குளியலறை, அதே தளம், தரையோடு ஷவர். ஞாயிறு மாலைவரை பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்வார்களாம். ரத்து செய்ய முடிகிற கட்டணத்தில் அதையே போட்டுவிட்டேன். உள்முற்றம் பக்கம் அறை போனில் சரி என்றார்கள்.

பதில் 3:
அதையும் செய்தியில எழுதி வாங்கிடுங்க. போன்ல சொன்னது ராத்திரி ஷிஃப்ட் ஆளுக்குத் தெரியாது.