புதுப்பிப்பு: 30,000 எம்ஏஎச் பவர் பேங்க், சென்னை–சிங்கப்பூர் விமானத்தில் போனதா?

போனது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேள்வி இதுதான்: பவர் பேங்கில் எம்ஏஎச் (மின்னேற்றக் கொள்ளளவு) மட்டும் பெரிதாக அச்சிட்டிருக்கிறது, விமான விதி பார்க்கும் வாட்-அவர் (சேமிக்கும் மின் ஆற்றல்) எவ்வளவு, கேபினில் விடுவார்களா? 5 வோல்ட்டால் பெருக்கச் சொன்னவர்கள் கணக்கில் 150 வந்தது. அது யூஎஸ்பி வெளியீட்டின் வோல்ட். உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்க வேண்டும் என்றவர் சொன்னதே சரி: 30,000 × 3.7 ÷ 1000 = 111 வாட்-அவர். பின்பக்கப் பொடி எழுத்திலும் அதுவேதான் இருந்தது.

100 வாட்-அவர் வரை அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், ஒருவருக்கு இரண்டுதான். முன்கூட்டியே மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. அச்செடுத்த தாளை செக்-இன் கவுன்டரிலேயே பார்த்துவிட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் லேபிளை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். எழுத்து அழிந்திருந்தால் அங்கேயே எடுத்துவைத்துவிடுவார்கள்.

எதிர்பாராதது இரண்டு. கேட்டில் இடமில்லை என்று கைப்பையை சரக்கறைக்கு வாங்கினார்கள். பவர் பேங்கை வெளியே எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். அடுத்து, கொண்டுபோகலாம் என்பதற்காகப் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும் எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 1 முதலும் பறக்கும்போது அதில் போன் சார்ஜ் செய்வதைத் தடுத்துவிட்டன. எமிரேட்ஸில் 100 வாட்-அவருக்குக் குறைந்த ஒன்றே ஒன்றுதான், ஆகவே இந்த 30,000 அங்கே செல்லாது. புதிதாக வாங்குபவர்கள் 20,000 வாங்குங்கள். 74 வாட்-அவர், யாரிடமும் கேட்க வேண்டாம்.